ரிப்பேர் ஆவாத காரை ரிப்பேர் பண்ண கதை

எங்க மாமா ஒரு காரைக் கட்டைப்பையில போட்டுத் தூக்கிக்கினு வந்தாரு.

"இன்னா மாமா, கார் வாங்கிட்டியா? சொல்லவே இல்ல. பார்க்கிங்குக்கு எடம் இல்லன்னு பையில வச்சிக்கினு சுத்துறியா?"

"வாய மூடு. இது சாரோட வண்டி. உன் மூஞ்சிய விட இது விலை ஜாஸ்தி. மெதுவா எடு."

மாமான்னா அம்மாவோட தம்பி. கோரமங்கலாவுல ஒரு அபார்ட்மென்ட்டுல வாட்ச்மேன். நான் நீலசந்திரா மார்க்கெட் தெருவுல ஒரு கடையில வேலை. கடிகாரம், டார்ச், எமர்ஜென்சி லைட்டு, பேசுற பொம்மை, ஓடுற பொம்மை, எது ரிப்பேர்னு வந்தாலும் எங்க கடைக்குத்தான் வரும். ஒன்பதாவதுல ரெண்டு தடவை உக்காந்து பாத்தேன், மூணாவது தடவை பெஞ்சே என்னை வேணாம்னு சொல்லிடுச்சு. ஆனா ஸ்க்ரூ டிரைவர் கையில வந்தா நான் வேற ஆளு. மாமா அபார்ட்மென்ட் பூரா அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாரு. "எங்க அக்கா பையன் தொட்டா செத்தது கூட எந்திரிக்கும்." இதைக் கேட்டுட்டுத்தான் ரெண்டாவது மாடி சாரு, கோயமுத்தூர்க்காரு, சாப்ட்வேர் கம்பெனியில வேலை, காரைக் குடுத்து அனுப்பிச்சாரு.

பையில இருந்து எடுத்தேன். அடேங்கப்பா. முழம் நீளம். கட்டக் கட்டயா நாலு ரப்பர் டயரு, நாலுக்கும் ஸ்பிரிங்கு. ரிமோட்டு துப்பாக்கி மாதிரி. சைடுல ஒரு சின்ன சக்கரம், அதைத் திருப்புனா வண்டி திரும்பும். வெரல் வைக்கிற ட்ரிகரை உள்ள இழுத்தா வண்டி முன்னாடி போவும். வெளிய தள்ளுனா பின்னாடி போவணும்.

"இன்னா கம்ப்ளெய்ண்டு?"

"ரிவர்ஸ் ஒழுங்கா வரலையாம். மொத தள்ளுல வண்டி டக்குனு நின்னுடுது. விட்டுட்டு ரெண்டாவது தள்ளு தள்ளுனாத்தான் பின்னாடி போவுது. அப்பறம், பிரேக் எங்க இருக்குன்னு பாத்து சொல்லச் சொன்னாரு."

சாருக்கும் அது புதுசு. அமெரிக்காவுல இருந்து திரும்புன ஃப்ரெண்டு யாரோ குடுத்தது, எப்படி ஓட்டணும்னு போட்ட புஸ்தகம் கூட இல்ல.

நான் வண்டியைக் குப்புறப் போட்டு பிரேக்கைத் தேடுனேன். சைக்கிள்ல இருக்குற மாதிரி கட்டை இருக்கும், இல்ல பைக்ல மாதிரி டிரம்மு, ஒரு கேபிளாவது இருக்கும்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஒரு மோட்டரு, அதுல இருந்து ரெண்டு ஒயரு, அது போய் ஒரு கறுப்பு டப்பாவுல சேருது. அவ்ளோதான்.

"மாமா, இதுல பிரேக்கே வைக்கல. பாரின்காரன் மறந்துட்டான்."

"நெசமாவா?"

"பின்ன? சார்ட்ட சொல்லு, ஓட்டும்போது ஒரு கல்லைக் கட்டிக்கினு ஓட்டச் சொல்லு."

மாமா சிரிக்கல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அவர் உக்காந்தாருன்னா விஷயம் இருக்குன்னு அர்த்தம். வாட்ச்மேனு, நாள் பூரா நிக்கிற ஆளு, கடைக்கு வந்தாலும் நின்னுக்கினேதான் பேசுவாரு.

"இது சரியா ஆவணும்டா. பம்ப் ரூமுக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா கீதுன்னு சொன்னேன்ல? ரெண்டு வாட்ச்மேன்ல ஒருத்தனுக்குக் குடுக்கப்போறாங்க. அபார்ட்மென்ட் செக்ரெட்ரிதான் முடிவு பண்ணுவாரு. எனக்குக் கெடச்சா உங்க அத்தையையும் பாப்பாவையும் ஆனேக்கல்ல இருந்து கூட்டிக்கினு வந்துடுவேன்."

அத்தை ஆனேக்கல்ல அவங்க அம்மா வூட்ல இருந்தாங்க. மாமா வாரத்துக்கு ஒருநாள் போவாரு. பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. மாமா வாசல்ல கால் வச்சாலே யாரோ அங்கிள் வந்துட்டாருன்னு அழுவுமாம். அது சமாதானம் ஆயி மடியில வந்து உக்கார்றதுக்குள்ள பஸ்சுக்கு டைம் ஆயிடுமாம்.

இதை வச்சு நான் மாமாவை எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். "உன் மீசையைப் பாத்தா நானே அழுவேன் மாமா"ன்னு. அன்னிக்கு பண்ணல.

"சார் ஞாயித்துக்கிழமை காலையில பேஸ்மென்ட்ல இதை ஓட்டிக் காட்டப்போறாரு. செக்ரெட்ரி வேணாம்னுதான் சொன்னாரு. சார் ரொம்பக் கேட்டதால ஒத்துக்கினாரு. ஆனா எந்தக் காரு மேலயாவது ஒரு கீறல் வுழுந்தாலும் வாட்ச்மேன் பொறுப்புன்னு சொல்லிட்டாரு."

"அவர் ஓட்டுவாரு, நீ பொறுப்பா? நல்லா இருக்கே."

"நாந்தானே உன் பேரைச் சொன்னேன்."

சரின்னு வேலையில எறங்குனேன். எங்க கடைக்கு வர்ற பொம்மைக் காருல பின்னாடின்னு அமுக்குனா பின்னாடி போவும். முன்னாடி ஓடும்போதே அமுக்குனாலும் கர்ருன்னு கத்திக்கினு பின்னாடி போவும். அதனால, மொத தள்ளுல நின்னுட்டு ரெண்டாவதுல பின்னாடி போறது எனக்கும் கோளாறாத்தான் தெரிஞ்சுது. எங்க கடையில எந்தப் பொம்மைக்கும் மொத வைத்தியம் ஒண்ணுதான். மோட்டர் ஒயரு ரெண்டையும் மாத்திப் போடு. மாத்திப் போட்டேன். இப்ப இழுத்தா பின்னாடி போச்சு, தள்ளுனா முன்னாடி. ரிமோட்டுல ஒரு ஓரமா பொடி சைஸ்ல ஒரு சுவிட்ச் இருந்துச்சு. அதை நெகத்தால தள்ளுனேன். இழுத்தா முன்னாடின்னு ஆயிடுச்சு. அப்பறம் தள்ளிப் பாத்தா, மொத தள்ளுலயே ரிவர்ஸ்!

"மாமா! எந்திரிச்சுடுச்சு!"

மாமா கையை எடுத்துக் கும்புட்டாரு. எனக்கு இல்ல, காருக்கு.

ரெண்டு விஷயம் மட்டும் எனக்கு இடிச்சுது. ஒண்ணு, முன்னாடி போற வேகம் கொஞ்சம் கம்மி ஆயிருந்துச்சு. பேட்டரி எறங்கிடுச்சுன்னு நெனச்சுக்கினேன். இன்னொண்ணு, சில நேரம் முன்னாடி போறதுக்கு ரெண்டு தடவை இழுக்க வேண்டியிருந்துச்சு. மாமா கேட்டாரு, "ஏண்டா, இப்ப முன்னாடி போறதுக்கு அடம் புடிக்குது?"

"பாரின் வண்டி மாமா. சூடாவணும்."

இப்படி எதையாவது நான் சொன்னா எங்க ஏரியாவுல யாரும் நம்ப மாட்டாங்க. மாமா நம்புனாரு. அதான் பிரச்சனை.

எங்க கடைக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கு நான்தான் ஷட்டரைத் தூக்குனேன். செத்துப்போன பொம்மைங்களோட மோட்டருங்க ஒரு டப்பா நெறைய கெடந்துச்சு. எது சுத்தும், எது சுத்தாதுன்னு ஒண்ணொண்ணா அச்சைப் புடிச்சு வெரலால திருப்பிப் பாத்துக்கினு இருந்தேன். ஒரு மோட்டரு மட்டும் டைட்டா இருந்துச்சு. எண்ணெயில கையை வச்ச மாதிரி மந்தமா சுத்துச்சு. போச்சு, உள்ள ஜாம் ஆயிடுச்சுன்னு தூக்கிப் போடப் போனேன். அப்பத்தான் பாத்தேன், அதோட ரெண்டு ஒயரும் நுனியில ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கினு கெடந்துச்சு. பிரிச்சு விட்டேன். சர்ருன்னு ஃப்ரீயா சுத்துச்சு. ஒயரைச் சேத்தேன். டைட்டு. பிரிச்சேன். ஃப்ரீ.

கொழந்தை மாதிரி பத்து தடவை பண்ணேன். பேட்டரி கிடையாது, கரண்டு கிடையாது. வெறும் ரெண்டு ஒயரு தொட்டா மோட்டரு முறுக்கிக்குது.

சைக்கிள் டைனமோ ஞாபகம் வந்துச்சு. டயர்ல சாய்ச்சா லைட்டு எரியும், ஆனா மிதிக்கறதுக்குப் பாரமாவும். சுத்துறதே கரண்டு பண்ணுது, அந்தக் கரண்டே சுத்தவிடாம இழுக்குது. மோட்டரும் அதேதான். கரண்டு குடுத்தா சுத்தும். சும்மா சுத்திவிட்டா அதுவே கரண்டு பண்ணும். ரெண்டு ஒயரையும் சேத்துட்டா அந்தக் கரண்டு வெளிய எங்கயும் போவ வழியில்லாம உள்ளயே சுத்தி, சுத்துற அச்சையே புடிச்சுக்குது.

கையில இருந்த மோட்டரைக் கீழ வச்சேன்.

சாரோட வண்டி மொத நாள் வந்தப்ப, ஓடும்போது தள்ளுனா டக்குனு நின்னுச்சே, அது கோளாறு இல்ல. அதான் பிரேக்கு. அந்தக் கறுப்பு டப்பா மொத தள்ளுல ரெண்டு ஒயரையும் உள்ளுக்குள்ள சேத்து வண்டியை நிறுத்துது. நின்ன பின்னாடி ரெண்டாவது தள்ளுலதான் ரிவர்ஸ் குடுக்குது. ஓடுற வண்டியைத் திடீர்னு பின்னாடி தள்ளுனா பல்சக்கரம் தேஞ்சுடும்னு எவனோ ஒரு புத்திசாலி யோசிச்சு வச்சிருக்கான். நான் ஒயரை மாத்தி, சுவிட்சை மாத்தி, அந்த டப்பாவோட தலையைக் கொழப்பி வுட்டிருக்கேன். இப்ப வண்டி முன்னாடி போனா, டப்பா ரிவர்ஸ்ல போறோம்னு நெனச்சுக்கினு இருக்கு. அதான் வேகம் கம்மி, அதான் ரெண்டு தடவை இழுக்கணும். தள்ளுனா பிரேக் புடிக்காது. நேரா எதிர்த் திசையில முறுக்கும். ரெண்டு மூணு தடவை முறுக்குனா பிளாஸ்டிக் பல்லு போயிடும். பல்லு போனா மோட்டர் ஒரு பக்கம் சுத்தும், வண்டி அது பாட்டுக்கு உருண்டு போவும்.

எங்க போவும்? செக்ரெட்ரியோட புதுக் காரு. போன வாரம்தான் வாங்கினாரு, பேஸ்மென்ட்டோட கடைசியில நிக்கிதுன்னு மாமா சொல்லியிருந்தாரு.

மணி ஒன்பதே முக்கால். ஷோ பத்து மணிக்கு. மாமாகிட்ட செல்போன் கிடையாது.

ஷட்டரை எறக்கிட்டு சைக்கிளை எடுத்தேன். கதையில முக்கியமான விஷயம், என் சைக்கிளுக்கும் பிரேக் கிடையாது. பின்டயர்ல செருப்பை வச்சு அமுக்குனாத்தான் நிக்கும். ஊரு வண்டிக்கெல்லாம் பிரேக் பாக்குறவன் வண்டி இப்படித்தான் இருக்கும். ஈஜிபுரா சந்துல ஞாயித்துக்கிழமை கறிக்கடை கூட்டம். "நக்கல் பண்ணிக்கினே திரிவியே, இன்னாடா இவ்ளோ அவசரம்"னு எவனோ கத்துனான். பதில் சொல்லல. என் வாழ்க்கையில ஒரு கிண்டலுக்குப் பதில் சொல்லாம போனது அன்னிக்குத்தான்.

நான் பேஸ்மென்ட்டுக்குள்ள எறங்கும்போதே சத்தம் கேட்டுச்சு. கர்ர்ர். அந்த சத்தம் எனக்குத் தெரியும். எங்க கடையில தெனமும் கேக்குற சத்தம்.

அஞ்சாறு பேரு நின்னுக்கினு இருந்தாங்க. சாரு லுங்கியில, கையில ரிமோட்டு, மூஞ்சி பூரா வேர்வை. வண்டி வழுக்கிக்கினு போய் ஒரு தூண்ல இடிச்சு நின்னுருந்துச்சு. செக்ரெட்ரி கையைக் கட்டிக்கினு பாத்துக்கினு இருந்தாரு. ரிட்டயர்டு ஆளு, கன்னடக்காரு, ஆனா தமிழ் நல்லா பேசுவாரு. அவருக்குப் பின்னாடி தூரத்துல புதுக் காரு, கண்ணாடி மேல காய்ஞ்ச மல்லிப்பூ மாலையோட.

"ஏனப்பா வாட்ச்மேன், இதுதான் உங்க பையன் ரெடி பண்ணதா?"

மாமா தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கினு இருந்தாரு.

"நான் தான் சரியா ஓட்டலைங்க சார்,"ன்னாரு கோயமுத்தூர் சாரு. நல்ல மனுஷன். "இன்னொரு தடவை பாக்கறேனுங்க."

"சார், வேணாம்!" நான் போட்ட சத்தம் பேஸ்மென்ட் பூரா எதிரொலிச்சுது.

எல்லாரும் திரும்புனாங்க. மாமா கிட்ட வந்து மெதுவா, "இன்னாடா?"ன்னாரு. நான் அவர் காதுல சொன்னேன். அவர் மூஞ்சி மாறுச்சு. "வேணாண்டா. சொல்லாத. தூக்கிக்கினு போய் சரி பண்ணிக் குடுத்துடு. யாருக்கும் தெரிய வேணாம்."

அது ஈசிதான். "பேட்டரி வீக் சார்"னு ஒரு வார்த்தை. எனக்கு வாயில ரெடியா இருந்துச்சு. ஆனா சாரு மறுபடியும் ட்ரிகர்ல வெரலை வச்சுக்கினு இருந்தாரு. பழியும் அவரே எடுத்துக்கினாரு. பொய் சொன்னா சாரும் செக்ரெட்ரியும் நம்பிடுவாங்க.

"சார், வண்டியில ரிப்பேரே இல்ல. நான் தான் ரிப்பேர் பண்ணிட்டேன்."

யாருக்கும் புரியல. டைனமோ, ஒயரு, மொத தள்ளு, ரெண்டாவது தள்ளு எல்லாத்தையும் மூச்சு வாங்க சொன்னேன். "பிரேக் எங்கன்னு கேட்டீங்களே சார், அது மோட்டருக்குள்ளயே இருந்துச்சு. நான் அதைக் கழட்டி வுட்டுட்டேன். எங்க மாமா மேல தப்பு இல்ல. அவர் என்னை நம்புனதுதான் தப்பு."

சாரு என்னையும் காரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "அப்ப மொத நாள்ல இருந்தே நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமா சார்."

"அப்ப கோளாறு எனக்குத்தானுங்களா!"

செக்ரெட்ரி சிரிக்கல. "ஆய்த்து, ஆனது ஆச்சு. இப்ப சரி பண்ணு. இங்கயே. எனக்கு முன்னாடி."

தரையில உக்காந்தேன். மேல் மூடியைக் கழட்டி மொதல்ல பல்சக்கரத்தைப் பாத்தேன். ரெண்டு பல்லு மொனை மழுங்கியிருந்துச்சு. மீதி எல்லாம் இருந்துச்சு. அப்பாடா. ஒயரைப் பழையபடி மாட்டுனேன், சுவிட்சைப் பழைய பக்கம் தள்ளுனேன். சக்கரத்தைத் தூக்கிப் புடிச்சு இழுத்தேன். உய்ய்ய்னு சுத்துச்சு. தள்ளுனேன். பொசுக்குனு நின்னுச்சு. அந்த நிப்பு இருக்கே, நான் கேட்டதுலயே நல்ல சத்தம் அந்த சத்தமில்லாததுதான்.

"பிரேக்கு எங்க, காட்டு,"ன்னாரு செக்ரெட்ரி.

பேஸ்மென்ட்டுல நேர் வழி ஒண்ணே ஒண்ணுதான். அது முடியிற எடத்துல அவரோட காரு. சாரு தயங்குனாரு. அப்ப மாமா தொப்பியைத் தலையில மாட்டுனாரு. விடுவிடுன்னு நடந்து போயி, அந்தப் புதுக் காருக்கு முன்னாடி ரெண்டு பூட்ஸையும் ஒண்ணா சேத்து வச்சு நின்னாரு. அட்டென்ஷன். கண்ணை இறுக்க மூடிக்கினாரு.

"மாமா, கண்ணைத் தொற! பந்து புடிக்கப் போறவன் மாதிரி நில்லு!"

"நீ வாய மூடு. சார், வுடுங்க."

சாரு ட்ரிகரை இழுத்தாரு. இப்பத்தான் எங்களுக்கு அதோட நெஜமான வேகம் தெரிஞ்சுது. இதுவரைக்கும் ரிவர்ஸ் வேகத்துலதானே ஓடிக்கினு இருந்துச்சு. வில்லுல இருந்து வுட்ட மாதிரி போச்சு. யாரோ ஒரு அம்மா "அய்யய்யோ"ன்னாங்க. நான் "தள்ளுங்க சார்!"னு கத்துனேன். சாரு தள்ளுனாரு.

வண்டி மூக்கைத் தரையில குத்துற மாதிரி குனிஞ்சு, டயரு க்ரீச்னு, நின்னுச்சு. மாமா பூட்ஸுக்கு ஒரு ஜாண் முன்னாடி.

மாமா கண்ணைத் தொறக்காமயே கேட்டாரு, "வந்துடுச்சா?"

இதுல இன்னொண்ணு இருக்கு, அன்னிக்குத்தான் எனக்கும் தெரிஞ்சுது. இந்த பிரேக்கு ஓடுற வண்டியைத்தான் நிறுத்தும், நிக்கிற வண்டியைப் புடிச்சு வைக்காது. சுத்துனாத்தானே கரண்டு, கரண்டு வந்தாத்தானே பிடி. சாரு சந்தோஷத்துல ரிமோட்டை விட்டுட்டுக் கையைத் தட்டுனாரு. அந்த எடத்துல தண்ணி ஓடறதுக்குத் தரை கொஞ்சம் சரிவா இருக்கும். வண்டி மெதுவ்வா, பூனை மாதிரி உருண்டு போயி, மாமா பூட்ஸை டொக்குனு தொட்டுச்சு.

மாமா ஒரு அடி எகிறிக் குதிச்சாரு. "அம்மாடியோ!"

அப்பத்தான் செக்ரெட்ரி சிரிச்சாரு. கட்டுன கை பிரிஞ்சு, தூணைப் புடிச்சுக்கினு சிரிச்சாரு. அந்த சிரிப்பைக் கேட்டதும் நான் அப்படியே சைக்கிள் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன். மாமா வந்து என் தலையில ஒரு தட்டு தட்டுனாரு. வலிக்கல.

"ரிமோட் கொடி இல்லி,"ன்னாரு செக்ரெட்ரி, இங்க குடுன்னு கையை நீட்டி. வாங்கினவரு மத்தியானம் வரைக்கும் யாருக்கும் தரல. தள்ளுறது, நிக்கிறது, விட்டுத் தள்ளுறது, பின்னாடி போறது. ஒவ்வொரு தடவையும் "நோடு, நோடு"ன்னு, பாரு பாருன்னு சின்னப் புள்ளை மாதிரி. கோயமுத்தூர் சாரு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு தன் வண்டிக்காக வரிசையில நின்னாரு.

ரூம் சாவி புதன்கிழமை வந்துச்சு. ஏன் மாமாவுக்குக் குடுத்தாருன்னு யாரும் கேக்கல. இன்னொரு வாட்ச்மேன் மட்டும் கேட்டானாம். செக்ரெட்ரி சொன்னாராம், "என் காருக்கு முன்னாடி நீ காலை வச்சியா?"

ஸ்டவ்வு, ரெண்டு பாயி, ஒரு தகரப் பொட்டியோட அத்தை வந்தாங்க. பாப்பா ஒரு வாரம் மாமாவைப் பாத்துப் பாத்து அழுதுச்சு. யூனிஃபார்ம்ல பாத்தா இன்னும் ஜாஸ்தியா. நானும் என் பங்குக்கு, "மீசையை எடு மாமா, பாவம் கொழந்தை"ன்னேன். அவர் எடுக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம் போயிருந்தேன். மாமா பேஸ்மென்ட் வாசல்ல, சரிவுக்குக் கீழ நின்னுக்கினு இருந்தாரு. மேல கேட்டுக்கிட்ட அத்தை கையை விட்டுட்டு பாப்பா ஓடி வந்துச்சு. சரிவுல எறங்க எறங்க வேகம் ஏறுது. நிக்கத் தெரியல, நிக்கணும்னும் இல்ல. வாயெல்லாம் சிரிப்பு.

"மாமா, இதுல பிரேக்கே வைக்கல!"ன்னு கத்துனேன்.

மாமா நகரல. ரெண்டு பூட்ஸையும் ஒண்ணா சேத்து வச்சு அன்னிக்கு மாதிரியே நின்னாரு. கண்ணை மட்டும் மூடல.